விடை 9.8, இனி ஊசலை ஆட்டலாம்

பி.எஸ்சி. இயற்பியல் முதலாமாண்டில் முதல் நாள் நடத்தப்படுவது நியூட்டனின் விதியல்ல, கல்லூரியின் விதி. வருகைப்பதிவு 75 சதவீதம் இருந்தாக வேண்டும். பல பல்கலைக்கழகங்களில், 65-ஐத் தாண்டி 75-ஐத் தொடாதவர்கள் மருத்துவச் சான்றிதழைக் காட்டிக் கட்டணம் செலுத்தினால் தேர்வெழுதலாம். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று பாடம் சொல்கிறது. வருகையைச் செலான் கட்டி ஆக்கிக்கொள்ளலாம் என்று அலுவலகம் சொல்கிறது.

அடுத்து ஆய்வகம். ரெக்கார்டு நோட்டுக்கு பிரவுன் அட்டை, இடப்பக்கம் பென்சில் படம், வலப்பக்கம் பேனா எழுத்து. இதில் பிசகினால் பிரபஞ்சமே பிசகியதாகக் கருதப்படும். தனி ஊசலை ஆட்டி, 20 அலைவுகளுக்கு நேரம் குறித்து, புவியீர்ப்பு முடுக்கம் காண வேண்டும். விடை 9.8 என்பது ஊசலுக்குத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனவே விவரமானவர்கள் விடையிலிருந்து புறப்பட்டு, அளவீடுகளுக்கு வந்து சேர்வார்கள். நிஜமாகவே ஆட்டிப் பார்த்து 9.5 என்று எழுதிய அப்பாவிக்கு ‘ரிப்பீட்’.

சென்னையில் அந்த மதிப்பு ஏறக்குறைய 9.78. அதைத் துல்லியமாக அளக்கும் விஞ்ஞானிகள்கூட, பக்கத்திலேயே பிழை வரம்பையும் பணிவாகக் குறிப்பார்கள். நம் முதலாமாண்டு மாணவருக்கு அந்தப் பணிவெல்லாம் தேவைப்படுவதில்லை. அவருடைய ரெக்கார்டில் பிழை சதவீதம் பூஜ்யம். கீழே பேராசிரியரின் கையெழுத்து, தேதியோடு.