அத்தா மாட்டிய படம்

ஆவடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத்தின் படம் ஒன்று உண்டு. டேங்க் ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது அத்தா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். "திருநெல்வேலிப் பேட்டைல பொறந்த மனுஷன். பார்லிமெண்டு தேர்தல்ல ஜெயிக்கக் கேரளா போக வேண்டியிருந்துச்சே" என்பார். அந்த ஆற்றாமை அன்று எனக்கு விளங்கவில்லை.

1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில், முஸ்லிம் பிரதிநிதியை முஸ்லிம்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காயிதே மில்லத் வாதாடினார். எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பவர் சமுதாயத்தின் குரலாக நிற்பாரா என்பது அவர் கவலை. சபை அதை ஏற்கவில்லை. 1962, 1967, 1971 என மூன்று முறை அவரை மக்களவைக்கு அனுப்பியது, முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் கேரளத்து மஞ்சேரி.

எங்கள் ஆவடி அப்படிப்பட்ட தொகுதி அல்ல. ஆனாலும் 2011-இல், புதுத் தொகுதியின் முதல் தேர்தலிலேயே அதிமுகவின் அப்துல் ரஹீம் வென்றார். பின்பு அமைச்சரும் ஆனார். 2016-இல் திமுகவின் சா.மு. நாசர், மாஃபா பாண்டியராஜனிடம் வெறும் 1,395 வாக்குகளில் தோற்றார். அன்றிரவு எங்கள் தெருவில் சாப்பிடாமல் படுத்தவர் அத்தா அல்ல. நாசருக்காக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய எதிர்வீட்டு அண்ணன். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

2021-இல் நாசர் அதே பாண்டியராஜனை வென்று பால்வளத்துறை அமைச்சரானார். 2023-இல் பதவி போனது; 2024 செப்டம்பரில் சிறுபான்மையினர் நலத்துறையோடு திரும்பி வந்தது.

மற்றவர்கள் நமக்கு வாக்களிப்பார்களா என்ற பயத்தை இந்த ஊர் என்னிடமிருந்து எடுத்துவிட்டது. அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவன். ஆனால் சீட்டைக் கொடுப்பதும் பதவியைக் கொடுப்பதும் எடுப்பதும் கட்சித் தலைமை. அந்தத் தலைமைக்குப் பிடிக்காத ஒன்றைச் சமுதாயத்துக்காகச் சொல்ல வேண்டி வந்தால்? காயிதே மில்லத்தின் கவலை அங்கே இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

2021-இல் முடிவு வந்த அன்று, படத்தைத் துடைத்துக்கொண்டே அத்தா சொன்னார்: "நாசர் எதிர்வீட்டுக்காரனுக்குக் கால்வாய் கட்டித் தரட்டும், அது அவன் போட்ட ஓட்டுக்குக் கடன். நமக்கு ஒண்ணுன்னா வாயைத் தொறக்கட்டும், அது இவருக்குப் பட்ட கடன்."