ஆணி அடிக்காத மனிதர்

ஒரே குடும்பத்துக்கென்று கட்டிய பழைய வீட்டை, பின்வந்த வாரிசுகள் இடையிடையே தடுப்புச் சுவர் எழுப்பிப் பல குடித்தனங்களுக்குப் பங்கிட்டுவிடும்போது ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வாய்க்கும் பகுதியே ‘போர்ஷன்’ எனப்படும். ஒண்டுக்குடித்தனம் என்ற, சற்றே மனத்தைப் புண்படுத்தும் பெயரும் இதற்கு உண்டு. அப்பகுதியில் படுக்கையறை ஒன்றுக்கு மேல் இல்லையாயின், அதில் குடியிருப்பவரைப் ‘போர்ஷன்காரர்’ என்னும் தனி இனமாகவே கொள்ளலாம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, புதிய அலுவலகங்களும் அவற்றின் பின்னாலேயே இடமாறுதல் ஆணைகளும் வந்து சேர்ந்ததற்குப் பிறகு, இவ்வினத்தைக் காண ஆய்வாளர் நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை.

இவருடைய வாழிடம் பெரும்பாலும் மூன்றாங்கட்டு. ‘கட்டு’ என்பது ஒரு முற்றத்தையும் அதைச் சூழ்ந்த அறைகளையும் சேர்த்துக் குறிக்கும் சொல். முதற்கட்டில் மனிதர்கள், கடைசிக்கட்டில் மாடும் விறகும் நெற்குதிரும் என்பது பழைய ஏற்பாடு. குதிர் நின்ற அறையிலேயே இப்போது போர்ஷன்காரர் படுத்துறங்குகிறார். நெல்லுக்குப் போதுமானதாயிருந்த காற்று எழுத்தருக்குப் போதாமற்போக நியாயமில்லை என்பது வீட்டுக்கார அம்மாவின் கருத்து. ஊரிலிருந்து வரும் உறவினரிடம், வாசலிலுள்ள தேக்கு நிலையைத் தடவிக் காட்டி, கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும் செய்தியையும் எடுத்துரைத்து, “நம்ம வீட்டு நிலை, பாத்தீங்களா?” என்று போர்ஷன்காரர் பெருமைப்படுவதுண்டு. பெருமைப்பட்டு முடிந்தபின் உறவினரைப் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே அழைத்துச் செல்வார். ஏனெனில் அந்த நிலைவாசல் வழியாக நடமாடும் உரிமை அட்வான்ஸில் அடங்கவில்லை.

நியூயார்க் நகரத்தின் பழைய மாளிகைகளிலும் ஒற்றைப் படுக்கையறைக் குடித்தனங்கள் உண்டு. அவற்றுள் ‘கோ-ஆப்’ எனப்படும் கூட்டுறவு முறையில், பணம் கொடுப்பவருக்கு அறை சொந்தமாவதில்லை. கட்டடத்தை உடைமையாகக் கொண்ட நிறுவனத்தின் பங்குகளே சொந்தமாகின்றன. அவற்றோடு குடியிருக்கும் உரிமை ஒட்டிக்கொண்டு வருகிறது. பங்கு வாங்குமுன் நிர்வாகக் குழுவினரின் நேர்காணலில் தேறவும் வேண்டும். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கூட்டுறவு என்றவுடன் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கரும்பு அரைக்கும் ஆலைகளே நினைவுக்கு வருமாயினும், நேர்காணலில் இவ்வூர் யாருக்கும் இளைத்ததன்று. இங்கே குழு முழுவதும் வீட்டுக்கார அம்மா ஒருவரே. “எத்தனை பேரு சார்? சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களா? கவிச்சி சமைப்பீங்களா?” என்று தொடங்கும் விசாரணை, “நீங்க எந்தப் பக்கம்?” என்பதில் முடியும். திசையைக் கேட்பதுபோல் ஒலிக்கும் அக்கடைசிக் கேள்வி திசையைப் பற்றியதன்று என்பது இருவருக்குமே தெரியும்.

சட்ட அறிவு இவ்வினத்தின் தலையாய அடையாளமாகும். வேறு உடன்படிக்கை இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்று, 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தை மேற்கோள்காட்டித் தேநீர்க்கடையில் விரிவுரை நிகழ்த்தும் போர்ஷன்காரர், தாம் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருக்கும் செய்தியை மட்டும் அங்கே வெளியிடுவதில்லை. மின்சாரத்திலும் இதே நிலைதான். வீடு முழுவதற்கும் இணைப்பு ஒன்றே. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்ற அரசின் இலவசம் அந்த இணைப்போடு வீட்டுக்கார அம்மாவைச் சென்றடைய, ‘சப்-மீட்டர்’ என்ற, போர்ஷனின் செலவை மட்டும் தனியே அளக்கும் சிறு கருவி காட்டும் முதல் யூனிட்டிலிருந்தே இவர் காசு எண்ணி வைக்கிறார்.

எல்லாவற்றிலும் கடுமையான விதி, சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்கலாகாது என்பது. ஆகவே முந்தைய குடித்தனங்கள் விட்டுச்சென்ற துருவேறிய ஆணிகளைக் கொண்டே இவர் குடும்பம் நடத்துகிறார். விட்டத்துக்கு அருகிலுள்ள ஆணியில் நாட்காட்டி தொங்குவதால், தேதி கிழிக்க நாள்தோறும் முக்காலி போட்டு ஏற வேண்டும்; முழங்கால் உயரத்து ஆணியில் கடிகாரம் மாட்டப்பட்டிருப்பதால், மணி பார்க்கக் குனிய வேண்டும். இவ்விரண்டையும் உடற்பயிற்சி என்று கணக்கில் எழுதிக்கொள்ளும் பக்குவம் இவரிடம் இருக்கிறது.

உடைமை குறையக் குறைய உரிமையுணர்வு வளரும் என்பதற்கு அறைக்கு வெளியிலுள்ள தாழ்வாரமே சான்று. நிலத்தின் வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு ஆளப்பட்ட பகுதிக்கு ஜாகீர் என்று பெயர். அருகிலுள்ள கல்வராயன் மலை அவ்வாறு மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது. மலையில் முடிவுற்ற அம்முறை மூன்றாங்கட்டுத் தாழ்வாரத்தில் தொடர்கிறது. முதலில் ஒரு ஜோடிச் செருப்பு வெளியே வரும். அடுத்த மாதம் செருப்புத் தாங்கி. அதன்மேல் துளசித் தொட்டி. தொட்டிக்கு வேறொருவர் தண்ணீர் ஊற்றிவிட்டால் போர்.

பின்னர் ஒருநாள் இடமாறுதல் ஆணை வருகிறது. முன்பணத்தில் வெள்ளையடிப்புக்கென்று ஒரு மாத வாடகை பிடிக்கப்பட, சுவர்களைச் சுற்றி வந்து ஆணிகள் எண்ணப்பட, கணக்கு நேராகிறது. அதே மாலையில் அறை பார்க்க வரும் புதியவரிடம், வீட்டுக்கார அம்மா வாய் திறக்குமுன் போர்ஷன்காரரே முந்திக்கொள்கிறார்: “எத்தனை பேரு சார்? சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க. நம்ம வீடு, பழைய வீடு.”