பெரம்பூர், கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ்: ஆறு எண்ணிக்கை ஆட்டம் குறித்து ஓர் ஆய்வு

ஸ்விங் என்னும் ஜோடி ஆட்டம் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. 1926 மார்ச்சில் திறந்து 1958 வரை நடந்த சவாய் பால்ரூம், அங்கே கறுப்பின இளைஞர்கள் ஆடிய லிண்டி ஹாப், 1935இல் ஜோடியை முதுகுக்கு மேலாகத் தூக்கிச் சுழற்றிக் காட்டிய ஃபிராங்கி மானிங் என்று அதற்கு ஆதாரங்களும் காட்டுகிறார்கள். இதை மறுக்க எனக்கு எண்ணமில்லை. பிறந்த இடம் ஹார்லெமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த ஆட்டத்தின் அடிப்படை அடி பேசின் பிரிட்ஜுக்கும் பட்டரவாக்கத்துக்கும் இடையே தண்டவாளமாகவே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், ஆகவே பெரம்பூர்வாசி எவரும் அதைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு. பெரம்பூர்வாசியாகிய நான் மட்டும் நாலு மாதம் கற்றும் தேறாதது ஏன் என்பதற்குப் பின்னால் சமாதானம் சொல்லப்படும்.

முதலில் ஊர்ப்பெயர். ஊர்ப்பெயரைப் பிளந்து பார்க்காமல் தொடங்கும் ஆய்வு தமிழில் ஆய்வாகாது. பிரம்பு மண்டிக் கிடந்ததால் பிரம்பூர், அது மருவிப் பெரம்பூர் என்பார்கள். பிரம்பு வளையும், ஒடியாது, விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். ஜோடி ஆட்டத்தில் இருவர் கைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய குணம் இதுதான். கயிறாகத் தொய்ந்தாலும் ஆட்டம் போச்சு, கடப்பாரையாக விறைத்தாலும் போச்சு. பாடத்தின் முதல் வரியையே பெயராக வைத்துக்கொண்டிருக்கும் ஊர் ஹார்லெமா, பெரம்பூரா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும்.

களப்பணி பேப்பர் மில்ஸ் ரோடுக்குப் பின்புறம் ஒரு கீழ்த்தள வீட்டில் நடந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து என் மனைவிக்கு ஜைவ் ஆட வேண்டும் என்று தோன்றியது. கற்றுக்கொடுக்க முன்வந்தவர் எங்கள் தெருவின் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. ஓய்வு பெற்ற ஆசிரியை, எஞ்சின் டிரைவர் மகள். ரயில்வே காலனி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஓர் இன்ஸ்டிடியூட் உண்டு. பெரம்பூருக்கும் உண்டு. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் அங்கே ஆடி வளர்ந்த கால்கள் ஆன்ட்டியுடையவை. ஜைவ் என்பது ஸ்விங்கின் நேர் வாரிசு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பிரிட்டனுக்குக் கொண்டுபோன ஜிட்டர்பக்தான் அங்கே ஜைவ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை நம் அரசியல் சாசனத்தின் 366(2)ஆம் பிரிவு தந்தைவழியைக் கொண்டு நீட்டி முழக்கி வரையறுக்கிறது. கல்யாண வீட்டில் பாட்டுப் போட்ட மாத்திரத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுபவர் என்று எழுதியிருந்தால் சுருக்கமாக இருந்திருக்கும்.

இனி மையக் கருதுகோள். ஜைவின் அடிப்படை அடிக்கு எண்ணிக்கை ஆறு, கால்வைப்பு எட்டு. ஒன்று, இரண்டு: பின்னால் ஒரு கால் வைத்து, முன்காலுக்கே எடையை மீட்க வேண்டும். மூன்று-அண்டு-நான்கு: பக்கவாட்டில் மூன்று குட்டி அடி. ஐந்து-அண்டு-ஆறு: எதிர்ப்பக்கம் மூன்று குட்டி அடி. ஆன்ட்டி இதைச் சொல்லி முடித்தபோது என் மனைவி, ‘ஆவடி லோக்கல் மாதிரி இருக்கு ஆன்ட்டி’ என்றாள். அறிவியலில் இப்படித்தான் நடக்கும். கண்டுபிடிப்பவர் ஒருவர், கட்டுரை எழுதுபவர் வேறொருவர்.

சென்ட்ரலிலிருந்து கிளம்பும் லோக்கல் முதலில் பேசின் பிரிட்ஜ் போகும், பிறகு வியாசர்பாடி ஜீவா. இவை ஒன்று, இரண்டு. அடுத்து பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ஒரே பெயரில் அடுத்தடுத்து மூன்று ஸ்டேஷன். வண்டி வேகம் எடுக்கும் முன்பே அடுத்தது வந்துவிடும். இது முதல் மூன்றடி. பின்பு வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம். இது இரண்டாம் மூன்றடி. ஆக எட்டு நிறுத்தம். அம்பத்தூரில் மறுபடி ஒன்று. இசை வேகமாகிவிட்டால் மூன்றடியை விட்டுவிட்டு ஒரே அடி வைத்துச் சமாளிப்பது ஸ்விங் மரபு. ஃபாஸ்ட் லோக்கல் கேரேஜ் ஒர்க்ஸையும் லோகோ ஒர்க்ஸையும் நிற்காமல் தாண்டுவதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. பின்னால் கால் வைக்கும் முதல் எண்ணிக்கையில் பேசின் பிரிட்ஜ் வருவதும் தற்செயல் அல்ல. ஊர் வந்துவிட்டது என்று பெட்டியை இறக்கி வைத்தவர்களை, வண்டியை அங்கேயே நிறுத்திப் பழையபடி உட்கார வைத்த அனுபவம் அந்த ஸ்டேஷனுக்கு நிறைய உண்டு.

‘இது பொருந்திப்போனதே ஒழிய நிரூபணம் ஆகாதே எனின், அற்றன்று. என்னை?’ ஸ்விங்குக்கும் ரயிலுக்கும் உள்ள உறவை அமெரிக்கர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். டியூக் எலிங்டன் 1933இல் ரயில் ஓட்டத்தையே வாத்தியத்தில் வாசித்து ‘டேபிரேக் எக்ஸ்பிரஸ்’ என்று பெயரிட்டார். அவர் குழுவின் அடையாளப் பாட்டாக ஆன ‘டேக் தி ஏ டிரெயின்’ ஹார்லெமுக்குப் போகும் ரயிலைச் சொல்வது. ஹார்லெமுக்கு ஏ டிரெயின் என்றால் எங்களுக்கு ஆவடி டிரெயின். முதலெழுத்துகூட மாறவில்லை.

தாளக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஸ்விங்கில் அரை அரை அடிகள் சமமாக விழுவதில்லை, நெடில்-குறில் என்று விழும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை. ‘தகிட’வில் ‘கி’யை விழுங்கிவிட்டு ‘த’வையும் ‘ட’வையும் மட்டும் ஒலித்தால் ஸ்விங். மூன்றையும் விடாமல் அடித்தால் டப்பாங்குத்து. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு ‘கி’. ஆறு எண்ணிக்கை அடியை எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தின் மேல் போட்டால் நாலு முறை ஆடி முடிக்கும்போது மூன்று ஆவர்த்தனம் முடிந்து சமத்தில் வந்து விழும். மிருதங்கக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்து, கைத்தட்டலும் வாங்கிவிடுவார்கள். நான் சமத்தில் விழுந்தபோது ஆன்ட்டி வீட்டு டீப்பாய் நகர்ந்தது.

‘சின்ன அடி வை மேன்’ என்பார் ஆன்ட்டி. ‘டிரெயின் புடிக்கவா போற?’

அடியைவிடக் கடினம் பிடி. இதற்கான விளக்கத்தை நான் ஐசிஎஃப்பில் கண்டேன். பெரம்பூர் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. பெட்டியின் வடிவமைப்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. அந்தப் பழைய நீலப்பெட்டிகளை இணைப்பது இரண்டு உறுப்புகள். நடுவில் திருகி இறுக்கும் ஸ்க்ரூ கப்ளிங், இருபுறமும் வட்ட முகத்தோடு பஃபர். இழுப்பதைக் கப்ளிங் பார்த்துக்கொள்ளும், நெருக்குவதை பஃபர் தாங்கிக்கொள்ளும். ஜோடி ஆட்டத்திலும் இதே இரண்டு வேலைதான். பின்னால் கால் வைக்கையில் இருவரும் விலகுவார்கள், அப்போது விரல்கள் கப்ளிங். திரும்பி நெருங்குகையில் உள்ளங்கை பஃபர். சரியாக இறுக்கிய கப்ளிங்கில் எஞ்சின் நகர்ந்தது பெட்டிக்குத் தெரியும், பெட்டியிலுள்ள டீ டம்ளருக்குத் தெரியாது. தொய்வு இருந்தால் முதலில் ஒன்றுமே நடக்காது, பிறகு மொத்தமாக ஒரு வெட்டு.

2018 ஜனவரியில் இந்தப் பழைய வகையின் கடைசிப் பெட்டி ஐசிஎஃப்பிலிருந்து வெளியேறியது. அதன்பின் ஆட்சி எல்எச்பி பெட்டிகளுடையது. ஜெர்மானிய வடிவம். இழுப்பது, தள்ளுவது இரண்டையும் நடுவிலுள்ள ஒரே இணைப்பு செய்யும். பாதுகாப்பு அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் குலுக்குகிறது என்று பயணிகள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் என் மனைவியின் தீர்ப்பு வந்தது: ‘என்னங்க, நீங்க எல்எச்பி. தோள்பட்டை கழண்டு வருது.’

அடுத்து, யார் நடத்துவது, யார் தொடர்வது? ஆங்கிலத்தில் லீட், ஃபாலோ என்கிறார்கள். தமிழில் சொல் இல்லையே என்று எவரும் வருந்த வேண்டாம். சங்க காலத்துத் துணங்கைக் கூத்தில் ஆடும் பெண்களுக்கு முதற்கை கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பதற்குத் ‘தலைக்கை தருதல்’ என்று பெயர். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி ஆடுவது துணங்கை. ‘எல்போ, மேன், எல்போ! உடம்போட வை!’ என்று ஆன்ட்டி கத்துவது அம்மரபின் தொடர்ச்சி. பதிற்றுப்பத்தின் 52ஆம் பாட்டில், காக்கைபாடினியார் நச்செள்ளையார் இதன் விளைவையும் பதிவு செய்திருக்கிறார். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் துணங்கையில் பிற பெண்களுக்குத் தலைக்கை தந்துவிட்டு வீடு திரும்புகிறான். அரசி கையிலிருந்த சிறு குவளைப் பூவை அவன்மேல் எறிய ஓங்குகிறாள். அதை எனக்குக் கொடு என்று கெஞ்சுகிறான். அவள் கொடுக்கவில்லை. பகைவர் கோட்டைகளைப் பிடுங்கத் தெரிந்தவனுக்கு ஒரு பூவைப் பிடுங்கத் தெரியவில்லை. உரையாசிரியர்கள் இதை ஊடல் என்றார்கள். இன்ஸ்டிடியூட் நடனங்களில் அடுத்தவர் மனைவியோடு மூன்று பாட்டுக்குத் தொடர்ந்து ஆடிவிட்டு வீடு போனவர்களுக்கும் இதே துறை பொருந்தும், பூ மட்டும் மாறும்.

குறுந்தொகையில் ஆதிமந்தியார் தன் காதலனை எங்கெல்லாம் தேடினார் என்ற பட்டியலும் கவனிக்கத்தக்கது. வீரர் கூடும் விழாவிலும், மகளிர் ஆடும் துணங்கையிலும். சண்டை போடும் களத்தையும் ஆடும் களத்தையும் ஒரே தெருவில் வைத்துப் பார்க்கும் இந்தப் பார்வை வடசென்னையுடையது. ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் டான்சிங் ரோஸ் ரிங்குக்குள் ஆடியபடியே குத்தியதை எங்கள் பகுதியில் எவரும் விநோதமாகப் பார்க்கவில்லை.

சுழற்சிக்கு வருவோம். ஆணின் இடக்கையில் பெண்ணின் வலக்கை. அவன் அதை உயர்த்துகிறான், அவள் அதன் அடியில் தன் வலப்புறமாகச் சுழன்று மறுபடி அவன் முகம் பார்க்கிறாள். எழுதும்போது இவ்வளவுதான். கை உயர வேண்டியது இரண்டாம் எண்ணிக்கையின் கடைசியில். மூன்றில் உயர்த்தினால் அவள் கால் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருக்கும். இந்த ஆய்வில் என் கடிகார வார் இரண்டு முறை அவள் கொண்டையில் மாட்டிக்கொண்டது. விரல்களை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஆட்டுக்கல் குழிக்குள் குழவி சுழல்கிற மாதிரி, நம் கை குழியாக நிற்க அவள் விரல்கள் அதற்குள் சுழல வேண்டும். குழி தானும் சுற்ற ஆசைப்படக் கூடாது. நடத்துபவருக்கு இது விளங்கவே ஒரு மாதம் ஆகிறது.

எவ்வளவு உயர்த்துவது? ரயிலில் சிக்னலுக்குத் தமிழர் வைத்த பெயர் கைகாட்டி. பழைய கைகாட்டிகளில் கை கீழே விழுந்தால் போகலாம் என்று பொருள். ‘சிக்னல் விழுந்துடுச்சு’ என்று இன்றும் நாம் சொல்வது அந்தக் காலத்துக் கையை நினைத்துத்தான். பிறகு வந்த மேல்நோக்கிக் கைகாட்டியில் கை படுக்கையாக இருந்தால் நில், 45 பாகை உயர்ந்தால் எச்சரிக்கை, 90 பாகை என்றால் தாராளமாகப் போ. நான் கூச்சத்தில் கையை 45 பாகையிலேயே நிறுத்திவிடுவேன். அவளும் எச்சரிக்கையோடு வேகம் குறைத்து, என் அக்குளை உற்றுப் பார்த்தபடி நின்றுவிடுவாள். ஆன்ட்டி ரெக்கார்டை நிறுத்துவார். டிரைவர் மகளுக்கு இது பொறுக்காது. ‘லைன் கிளியர் குடுக்கறதுன்னா முழுசாக் குடு. அரைகுறையாக் குடுத்தா ஆக்சிடென்ட்.’

வாக்களித்த சமாதானத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். என் தோல்விக்குக் காரணம் தமிழ்ப் பண்பாடு. ஜைவில் ஆண் முதலில் எடுத்து வைக்க வேண்டியது இடதுகால். அதுவும் பின்புறமாக. வலதுகாலை முன்னால் எடுத்து வைத்து வீட்டுக்குள் வரச்சொல்லும் ஓர் இனத்தில் பிறந்தவனிடம் இதை எப்படி எதிர்பார்க்கிறார்கள்? பெண்ணுக்கு முதல் கால் வலது. ஆகவே அவள் பாதி சாஸ்திரத்தோடு ஆடுகிறாள், முன்னேறுகிறாள். நான் முழுக்க அபசகுனம். இதை விளக்கிச் சொன்னபோது ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். என் பொருட்டா, ஆட்டத்தின் பொருட்டா என்று தெளிவாகவில்லை.

பெரம்பூரில் ஜைவ் குறைந்துபோனதற்கும் என்னிடம் ஒரு கொள்கை இருந்தது. முன்பு தண்டவாளங்களைத் துண்டு துண்டாக வைத்து ஃபிஷ் பிளேட் போட்டு இணைத்தார்கள். சக்கரம் ஒவ்வோர் இணைப்பிலும் ‘தடக்-தடக்’ என்று நெடில் குறிலாகத் தாளம் போட்டது. பின்பு தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்தார்கள், தாளம் அழிந்தது, தாளத்தோடு ஆட்டமும் அழிந்தது. இதை ஆன்ட்டியிடம் சமர்ப்பித்தேன். அவர் ரெக்கார்டை உறையில் போட்டுக்கொண்டே, ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேன். ஒரு அண்ணன் மெல்போர்ன் போனான், ஒரு அண்ணன் பெர்த் போனான். அப்புறம் யாரோட ஆடறது?’ என்றார். பற்றவைப்புக் கொள்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

சென்ற தை மாதம் கொளத்தூரில் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். நாதஸ்வரம் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தது. ‘வலது கால எடுத்து வெச்சு ஜோடியா வாங்க’ என்று வாசலில் நின்று சித்தி கூப்பிட்டார். நாலு மாதமாக வராதது அன்றைக்கு வந்துவிட்டது. என் இடதுகால் தானாகப் பின்னால் போயிற்று. பக்கத்தில் இவளுடைய வலதுகாலும் சரியாக அதே எண்ணிக்கையில் பின்னால் போயிற்று. பின்னால் வந்தவர்கள் எங்கள்மேல் மோதி நின்றார்கள்.

‘என்ன மாப்ளே, தலை சுத்துதா?’ என்றார் சித்தி.

‘ஒண்ணுமில்ல சித்தி,’ என்றாள் இவள். ‘பேசின் பிரிட்ஜ். இன்னும் சிக்னல் விழல.’