ஆஸ்கர் மீனும் உயிர்த் தீனியும்

கேள்வி: என் மகன் அவனுடைய ஆஸ்கர் மீனுக்குக் குட்டி கோல்ட்ஃபிஷ்களை உயிரோடு போடுகிறான். கேட்டால், "ஆற்றிலும் இதுதானேம்மா நடக்குது" என்கிறான். சரியா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: எந்த ஆற்றில் என்று கேளுங்கள். ஆஸ்கர் அமேசான் படுகையின் மீன். கோல்ட்ஃபிஷ் சீனாவில் வளர்த்தெடுக்கப்பட்டது. இரண்டையும் சந்திக்க வைத்தது கண்ணாடித் தொட்டிதான். ஆற்றில் இரைக்கு ஓடி ஒளிய வேர், பாசி, கலங்கல் நீர் எல்லாம் உண்டு. தொட்டியில் நான்கு சுவர்தான். தப்பிக்க வழியே வைக்காமல் பிடித்துப் போடுவதை வேட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீனுக்கு வலிக்குமா என்பான். 2003இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் டிரவுட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்திப் பார்த்தார்கள். அவை இரை எடுக்க மறுத்தன, உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. எனக்கு அது போதும்.

அவன் ஆஸ்கருக்கும் இது நல்லதல்ல. கோல்ட்ஃபிஷ் உடலில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். தீனிக்கென்று நெருக்கி அடைத்து விற்கும் மீன்களோடு ஒட்டுண்ணியும் நோயும் சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

உயிர் இரையைத் தவிர வேறெதையும் தொடாத சில மீன்கள் உண்டு, இலைமீன் அப்படி. அதை வளர்ப்பவர் வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஆஸ்கருக்கு அந்தச் சாக்கு இல்லை. குருணைத் தீவனம், உறைய வைத்த இறால் எல்லாம் தின்னும். முதலில் முகம் திருப்பினால் இரண்டு நாள் பட்டினி போடட்டும்; வளர்ந்த ஆஸ்கர் தாங்கும். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.