நெஞ்சில் குத்திய தலைவர்

1896இல் அமெரிக்காவின் நியூவார்க்கில் வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் ஊசி பேட்ஜுக்குக் காப்புரிமை வாங்கியது. தகர வட்டு, அச்சடித்த காகிதம், மேலே செல்லுலாய்டு, பின்னால் ஊசி. அதே ஆண்டு அதிபர் தேர்தலில் மெக்கின்லியும் பிரையனும் ஊரார் நெஞ்சிலெல்லாம் குத்தப்பட்டார்கள்.

அங்கே அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் சேர்த்து வைக்கிறார்கள். நம் கரைவேட்டிக்காரர்களுக்கு அந்தப் பொறுமை ஏது? ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய தலைவரைக் கழற்றிப் புதியவரைக் குத்திக்கொள்வார்கள். சட்டையில் விழுந்த ஓட்டை மட்டும் கட்சி மாறாது. ஜெயலலிதாவின் அமைச்சர்களுக்கோ ஊசியே தேவைப்படவில்லை. மெல்லிய வெள்ளைச் சட்டைப்பைக்குள் படத்தை வைத்தால் அம்மா தானாகத் தெரிவார்.

மறைமலைநகர் போன்ற ஆலை ஊர்களில் தொழிலாளர்கள் எதிர்ப்பைக் காட்டக் குத்தும் பேட்ஜ் என்றால் கறுப்புத் துணி. முகம் கிடையாது, குண்டூசி போதும். இயந்திரமும் நிற்காது, சம்பளமும் போகாது. உற்பத்தி குறையாத கோபம் எந்த நிர்வாகத்துக்குத்தான் கசக்கும்?

வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் மட்டும் சின்னம் குத்திய சட்டையோடு போகக் கூடாது, அது பிரசாரமாகிவிடும். அந்த 100 மீட்டரில்தான் நம் ஆட்கள் பலர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடக்கிறார்கள்.