சைக்கிளுக்குக் கோத்திரம் பார்ப்பவர்

பழைய வீடொன்று விலைபோகிறது என்றோ இடிபடப் போகிறது என்றோ செய்தி பரவியதும், வீட்டுத் தரகருக்கு முன்னதாகவும் பழைய பேப்பர்காரருக்குச் சற்றுப் பின்னதாகவும் வந்து சேர்ந்து, கூடத்துத் தூண்களையும் தேக்கு உத்தரங்களையும் ஏறெடுத்தும் பாராமல், கொல்லைப்புறத்து விறகுக் கொட்டிலை நோக்கியே விரைகின்ற ஒரு கனவானை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பாங்கிலோ மின்சார வாரியத்திலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராயிருப்பார். சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடியும், கைப்பையில் உபயோகம் முடிந்த பல் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் வைத்திருப்பார். விறகுக்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவே, பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்று துருவேறிச் சாய்ந்திருக்கக் கண்டுவிட்டால், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அதன் அருகே போவார்.

ஆண்கள் ஓட்டிய சைக்கிளை அவர் மதிப்பதில்லை. பால் கேனும் நெல் மூட்டையும் சுமந்து, நாலு பேர் கைமாறி, வாடகைக் கடையிலும் சில காலம் வாசம் செய்து வந்த வண்டியில் பரிசுத்தம் ஏது என்பது அவர் கட்சி. லேடீஸ் சைக்கிளோ நர்ஸம்மாவும் டீச்சரம்மாவும் நிதானமாக ஓட்டி, சாயங்காலமானால் துடைத்து, தாழ்வாரத்தில் ஏற்றி நிறுத்தி வைத்தது. (அந்த வீட்டுப் பிள்ளைகள் குரங்குப் பெடல் போடாமலே சைக்கிள் கற்றுக்கொண்டு, தெருப்பிள்ளைகளின் ஏளனத்துக்கு ஆளானார்கள் என்பது வேறு விஷயம்.)

"ஹெர்குலிஸ்னு ஞாபகம், தம்பி" என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான வீட்டுக்கார அம்மாள் சொன்னால் நம்முடைய கனவான் புன்னகை புரிவாரேயன்றிப் பதில் சொல்லமாட்டார். சாட்சியத்தை அவர் மனிதரிடம் கேட்பதில்லை, இரும்பிடம் கேட்பார். முன்புறத்துப் பித்தளை முத்திரை எப்போதோ உதிர்ந்து போயிருக்க, பிற்காலத்தில் யாரோ மாட்டிய தகரச் செயின் கவரைக் கழற்ற அனுமதி கேட்பார். உள்ளே பல்சக்கரத்தில் நாரை வெட்டியிருந்தால் ராலே, கைகோத்து ஓடும் ஐந்து மனிதர்கள் இருந்தால் ஹம்பர், விரித்த கை இருந்தால் ரட்ஜ். பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்துவிட்டாலோ, பல் பிரஷ்ஷால் அதன் மேலுள்ள அழுக்கைத் தேய்த்து, பூதக்கண்ணாடியை வைத்து, அங்கே பொறித்திருக்கும் இரண்டு இலக்கங்களைப் படித்து, "52!" என்று கூவுவார். ஹப் பிறந்த வருஷம் அது.

ஆனால் கண்டுபிடித்த மாத்திரத்தில் ஆனந்தப்பட்டு ஓய்பவரல்லர் அவர். சக்கரம் மாறியிருக்கலாமே என்ற சந்தேகத்தைத் தாமே கிளப்பி, சட்டகத்து எண்ணைத் தேடி, நகரசபை வருஷா வருஷம் வரி வாங்கிக்கொண்டு மாட்டிவிட்ட பித்தளை வில்லை ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்கார்டைத் தடவி, தம் கட்சிக்கு எதிர்க்கட்சியாகவும் தாமே வாதாடுவார். ஹம்பரை 1932இலும் ரட்ஜை 1943இலும் ராலேயே விழுங்கிவிட்டபடியால், பெயர் மூன்றாயினும் பிற்காலத்துப் பிறப்பு பெரும்பாலும் நாட்டிங்ஹாம் நகரத்து ஒரே கொட்டகையில்தான் என்பதை நீங்கள் சொன்னால் அன்றோடு உங்கள் சிநேகிதம் அறுந்துபோகும்.

வண்டியை வாங்கிச் சென்ற பிறகு தொடங்குகிறது ஓவராயில். நமது மெக்கானிக் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற, ஒவ்வோர் அடிக்கும் இவர் கண்ணை மூடிக்கொள்வார். பெடல் அச்சுக்குப் புதுக் கப் வாங்கி வந்து திருகிப் பார்த்த மெக்கானிக், "சார், ஏறலை சார், மரை மாறுது" என்று கையை விரித்தால், வேறு யாராயினும் சோர்ந்துபோவார்கள். இவரோ மெக்கானிக்கைக் கட்டித் தழுவாத குறையாகக் குதூகலிப்பார். ஏனெனில் மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் அங்குலத்துக்கு 24 மரை வெட்டிக்கொண்டிருக்க, ராலே மட்டும் 26 வெட்டியது. பொருந்தாமையே வம்சத்துக்கு அத்தாட்சி! பொருந்துகிற கப்புக்காக எட்டு மாதம் காத்திருப்பது அவருக்கு ஒரு விரதம்.

பெயிண்ட் அடிக்க விடமாட்டார். கையால் இழுத்த தங்கக் கோடு ஓரிடத்தில் மிஞ்சியிருந்தாலும் போதும், மீதியைப் பக்தியால் பார்த்துக்கொள்வார். ஹப்பில் எவனோ கிரீஸை அடைத்து வைத்திருந்தால் அந்த முகந்தெரியாத பாதகனைச் சபித்தபடி கழுவி, லேசான எண்ணெய் விடுவார். பின் மட்கார்டின் விளிம்பிலுள்ள சிறு துவாரங்கள், புடவை சக்கரத்தில் சிக்காதிருக்க நூல் கட்டும் இடங்கள் என்றறிந்து, இரவெல்லாம் விழித்து ஒவ்வொன்றாய்க் கோப்பார். அந்தச் சிரத்தையை நான் கேலி செய்யமாட்டேன். ஊரில் வேறு எவருக்கும் அந்தத் துவாரங்கள் எதற்கென்று தெரியாது.

எல்லாம் முடிந்ததும் சைக்கிள் அவர் வீட்டுக் கூடத்தில் ஸ்டாண்டில் ஏறி நிற்கும். ஏறி மிதிப்பவர் எவருமில்லை. ஒருநாள் அந்தத் தலைமையாசிரியை பார்க்க வந்து, ஹேண்டில் பாரைத் தொட்டு, "தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்கட்டுமா, தம்பி?" என்றார்.

"ஐயோ அம்மா, டயர் பழைய டன்லப்! வெடிச்சுடும்."

"நான் ஓட்டித்தானே, தம்பி, இது பழசாச்சு?"

இதற்கு அவரிடம் பதிலில்லை, காப்பி வரவழைத்தார்.

உங்கள் கொட்டிலில் அப்படியொரு வண்டி கிடந்தால், கடையில் இன்றும் கிடைக்கிற 28க்கு 1½ டயர் அதற்குச் சேருமா என்று பார்த்து, காற்றடித்து, வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவிடுங்கள். செயின் கவரை மட்டும் கழற்றாதீர்கள். நாரை வெளியே தெரிந்தால் அவர் வந்துவிடுவார்.