ராகுவுக்கும் கேதுவுக்கும் போகும் வழி

திருக்கோளூரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, “எல்லாரும் தேடி வரும் ஊரை விட்டு நீ ஏனம்மா போகிறாய்?” என்று ராமாநுஜர் கேட்டாராம். அவள் 81 எடுத்துக்காட்டுகளை அடுக்கிப் பதில் சொன்னாள். வைணவர்கள் இதை ஞானத்தின் உச்சம் என்பார்கள். அதே தாமிரபரணிக் கரையில் காரில் போய் வழி கேட்டவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் வேறு. அந்தப் பக்கத்தில் எந்தக் கேள்விக்குமே பதில் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான்.

புரட்டாசி சனிக்கிழமை நவதிருப்பதி சேவிக்க வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். ஆற்றின் இரு கரையிலும் ஒன்பது கோயில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகம். மத்தியானம் நடை சாத்துவதற்குள் வடகரையை முடிப்பது, சாயங்காலம் தென்கரை என்று ஏற்பாடு. சித்தப்பாவின் கார். சித்தப்பாவுக்கு இரண்டு கொள்கைகள்: ஏசியை அணைக்கக் கூடாது, யாரிடமும் வழி கேட்கக் கூடாது. ஜன்னலை இறக்கினால் குளிர் போய்விடும் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்தாசை.

ஸ்ரீவைகுண்டத்தில் சூரியன், நத்தத்தில் சந்திரன், திருப்புளிங்குடியில் புதன், பெருங்குளத்தில் சனி எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தது. வடகரையில் பாக்கி ராகுவும் கேதுவும். இரட்டைத் திருப்பதியில் அடுத்தடுத்து இரண்டு கோயில்கள். போன் சொன்ன இடத்தில் சித்தப்பா திரும்பினார். ரோடு சிமெண்டாகி, மண்ணாகி, கடைசியில் வாய்க்கால் கரையாகிவிட்டது. ஒரு பக்கம் வாழைத்தோப்பு, மறுபக்கம் வடகால். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தில் பிரிந்து வருகிற வாய்க்கால் அது. அந்தப் பூமி முழுக்கத் தண்ணீர் போன வழியில் அமைந்தது. ரோடு பிற்பாடு வந்து ஓரமாக ஒண்டிக்கொண்டது. டிராக்டர் போகிற கரை எது, கார் போகிற கரை எது என்று போனுக்கு யார் சொல்வது?

அப்போதுதான் சூட்டு முள் ஏறத் தொடங்கியது. ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. மெக்கானிக் வேலை தெரிந்த மச்சானுக்குப் போன் போட்டோம். “ஏசியை அணைச்சிட்டு ஹீட்டரை முழுசாப் போடுங்க, இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கும்” என்றான். காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதையே சித்தப்பா அன்றுதான் கண்டார். வெளியே புரட்டாசி வெயில், உள்ளே ஐந்து பேர், காலடியிலிருந்து அனல் காற்று. பெரியம்மாவின் மடியில் இருந்த துளசி மாலை எங்கள் கண்ணெதிரே சுருண்டது. கொஞ்ச தூரம் ஊர்ந்து, பானட்டிலிருந்து ஆவி கிளம்பியதும் கார் நின்றது.

“பெருங்குளத்தில் சனியை ஒழுங்கா சேவிச்சியாடா?” என்றாள் பெரியம்மா. சித்தி, இது ராகு வேலை என்றாள். கட்சி பிரிந்து வாதம் சூடு பிடிக்கையில், டிவிஎஸ் 50இல் வாழை இலைக் கட்டோடு ஒருவர் வந்தார்.

“மூடியத் தொறக்காதிய! மூஞ்சி வெந்துபோவும்” என்று சித்தப்பாவின் கையைத் தட்டிவிட்டார். பிறகுதான், “எங்க போறிய?”

“இரட்டைத் திருப்பதி, அண்ணாச்சி.”

“அதுக்கு ஏன் இங்கன வந்திய? வடகாலை எடது கையில வச்சுக்கிட்டே போனா ஒரு மடை வரும். அதுக்கு அங்கிட்டு ஒரு ஆலமரம் நின்னுச்சு, வெள்ளத்துல போயிட்டு. அது நின்ன எடத்துல திரும்புங்க.”

எந்த வெள்ளம் என்று கேட்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் ஏறத்தாழ 800 பேரோடு நின்றது. பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்கும்போது அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். ஒரு ரயிலையே பராமரித்த ஜனங்களுக்கு எங்கள் கார் ஒரு பொருட்டா? தோப்புக்குள்ளிருந்து மோர்ச் செம்பு வந்தது. மோரோடு வந்தவர்கள், அந்த ஆலமரம் மடைக்குக் கிழக்கேயா மேற்கேயா என்று சண்டையைத் தொடங்கினார்கள்.

அயோத்தியில் இருந்த மதுரகவி ஆழ்வார் தெற்கே ஒரு ஒளியைக் கண்டு, அதையே பார்த்து நடந்து ஆழ்வார்திருநகரி வந்து சேர்ந்தார் என்பது வரலாறு. நடுவில் யாரிடமும் வழி கேட்டதாகத் தகவல் இல்லை. கேட்டிருந்தால் அங்கே நம்மாழ்வார் புளியமரத்தடியில் அவருக்காக இன்னும் சில வருஷம் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

டிவிஎஸ் 50 போய், பின்சீட்டில் ஒரு மெக்கானிக் தம்பியோடு திரும்பியது. இன்ஜின் ஆறும்வரை அவரும் ஆலமரச் சண்டையில் கலந்துகொண்டார். பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, கருகிய ஒன்றைப் பிடுங்கிச் சித்தப்பாவிடம் காட்டினார்.

“ஃபேன் ஃபியூஸ். எங்கிட்ட இந்த அளவு இல்ல. ஏசி காத்து வர்றதுக்கும் இதே ஃபியூஸ்தான். அதை எடுத்து இதுல மாட்டிருதேன். ஏசி வேணுமா, இன்ஜின் வேணுமா?”

சித்தப்பா உடனே பதில் சொல்லாததை நாங்கள் எல்லாரும் கவனித்தோம்.

அப்புறம் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டுத்தான் பயணம். பெரியம்மாவுக்கு ஏக சந்தோஷம். ராகு, கேது முடிந்து தென்கரையில் தென்திருப்பேரை போய்ச் சேர்வதற்குள் வழியில் கண்ட ஒருவரையும் அவள் விடவில்லை. கோபுரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும், முறுக்கு விற்கும் அம்மாவிடம் காரை நிறுத்தச் சொல்லி, “ஏம்மா, கோயிலுக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டாள். அந்த அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு, சாவகாசமாக ஆரம்பித்தாள்.